உறைகடலும் நாய்வண்டியும்

நம் பாடநூல்கள் எஸ்கிமோவர் என்று குறிப்பிட்ட மக்கள் தம்மை இனுயிற் என்றே அழைப்பர். அவர்தம் மொழியில் அச்சொல் மனிதர் எனப் பொருள்படும். கனடாவின் வடகோடியில் வாழும் இவர்களுக்கு உறைந்த கடலே வீதி, அதுவே வேட்டைக்களம். இன்று அவ்வீதி காலந்தாழ்த்தி உறைகின்றது, முந்தி உருகுகின்றது. 1979 முதலாக ஆர்க்டிக் பிரதேசம் உலகச் சராசரியினும் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளதென ஆய்வாளர் கணித்துள்ளனர். பழகிய பாதையிலேயே பனி பிளந்து வேட்டைக்காரர் மடிகின்றனர்.

இதனை இயற்கையின் சீற்றம் எனக் கூறி நாம் அமைந்துவிடலாமா? வரலாறு வேறு விடை தருகின்றது.

பனியின் நிறத்தையும் ஒலியையும் கொண்டு அதன் வலிமையை அளந்தறிவது இனுயிற் மக்களின் தலைமுறை அறிவு. ஈட்டிமுனையால் குத்திப் பார்த்தே அவர் அடியெடுத்து வைத்தனர். மெல்லிய பனியை உணர்ந்து விலகும் முன்னணி நாய், கண்தெரியாப் புயலிலும் வண்டியை வீடு சேர்க்கும். இவ்வாழ்வின்மீதே அரசின் கை விழுந்தது. 1953இலும் 1955இலும் இனுக்ஜுவாக் பகுதிக் குடும்பங்கள் ஏறத்தாழ 2000 கிலோமீற்றர் வடக்கே, முன்பின் அறியாத றெசலூற், கிறைஸ் பியோட் ஆகிய இடங்களிற் கொண்டுபோய் விடப்பட்டன. பிள்ளைகள் பாடசாலையின் பெயரால் பெற்றோரின் பாதைகளிலிருந்து பிரிக்கப்பட்டனர். 1950களிலும் 1960களிலும் பொலிசாரும் அதிகாரிகளும் வண்டிநாய்களை நூற்றுக்கணக்கிற் சுட்டுக் கொன்றனர். நாயின் இடத்தை இயந்திரச் சறுக்குவண்டி பிடித்தது. அது விரைவானது, ஆனால், பனியின் மென்மையை அது அறியாது.

நுனாவிக் மக்களின் நாய்கள் கொல்லப்பட்டமைக்குக் கனேடிய அரசு 2024 நவம்பரில் மன்னிப்புக் கோரியது. அரசின் சார்பில் அதனைக் கூறிய அமைச்சர் கெரி ஆனந்தசங்கரி, இலங்கையிற் பிறந்த தமிழர். மன்னிப்பு வந்தபோது அந்நாய்களை ஓட்டிய முதியோர் பலர் உயிருடன் இல்லை.

ஆயினும் இம்மக்கள் கைகட்டி நிற்கவில்லை. 2009-10 குளிர்காலத்தின் அசாதாரண வெப்பத்தால் லப்ரடோர்க் கரையின் நெயின் கிராமம் பெரிதும் இடருற்றது. அவ்வனுபவத்திலிருந்து பிறந்ததே ஸ்மாட்ஐஸ் என்னும் முயற்சி. பனியின் தடிப்பை அளக்கும் கருவியைச் சறுக்குவண்டியின் பின்னே இழுத்துச் செல்வோர் அவ்வூர் மக்களே. எவ்வழியை அளக்க வேண்டுமென்பதை வழியறிந்தோர் கூறுகின்றனர்.

உலகைச் சூடாக்கிய புகையில் இவர்களின் பங்கு மிக அற்பம். அதன் விலையை முதலிற் கொடுப்போரோ இவர்களே. மக்களின் அறிவைப் பறித்தவர்கள் பின்னர் அவர்களை அறியாதவர் என்பது வழக்கம். கருவியும் முதியோரின் சொல்லும் ஒருங்கே செல்லும் நெயினின் பனிப்பாதை, அவ்வழக்கத்தைப் பொய்யாக்குகின்றது.