இரண்டாகப் பிரிந்த கதை: பாரீசிலும் எங்கள் பங்கிலும்

மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவனுக்கு ஆம்பியர் என்ற சொல் மூச்சு விடுகிற மாதிரி. ஐந்து ஆம்பியர் பிளக், பதினைந்து ஆம்பியர் பிளக், பியூஸ் கட்டைக்கு எத்தனை ஆம்பியர் கம்பி என்று தினமும் நூறு தடவை சொல்லியிருப்பேன். அது ஒரு பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயர் என்பது தெரியும். அவர் பாரீசில் தன் வீட்டில் ஒரு சட்டக் கல்லூரி மாணவனைத் தங்க வைத்திருந்தார் என்பதும், அந்த மாணவன் ஆரம்பித்த சபையின் கிளையில்தான் நான் செயலாளராக மினிட் நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதும் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த மாணவன் பெயர் பிரடெரிக் ஓசானாம். சபை, வின்சென்ட் தே பவுல் சபை. கத்தோலிக்கக் கோயில்களில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு மூலையில் பத்துப் பேர் உட்கார்ந்து செபம் சொல்லி, கணக்குப் பார்த்து, ஒரு துணிப்பையைச் சுற்றில் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள்தான்.

எங்கள் பங்கில் அதை ஆரம்பித்தது 1986ல். பெரிய திட்டம் எதுவும் இல்லை. அப்போதிருந்த பங்குச் சாமியார் ஒருநாள் பூசை முடிந்து எங்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு, "ஏழைகள் என் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். நீங்கள் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போக முடியுமா?" என்று கேட்டார். ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். தலைவரும் செயலாளரும் பொருளாளரும் பொதுநிலையினர்தான், தான் ஆலோசகர் மட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எங்களுக்குத் திக்கென்றிருந்தது. கோயிலில் சாமியார் இல்லாமல் ஒரு கூட்டத்தை நடத்தி எங்களுக்குப் பழக்கமே இல்லை.

முதல் கிறிஸ்மசுக்கே சொதப்பினோம். வசூல் செய்து இருபத்தைந்து சேலை வாங்கி, கோயில் முகப்பில் மேசை போட்டு, மைக்கில் பேர் வாசித்துக் கொடுத்தோம். போட்டோவும் எடுத்தோம். ஒரு பாட்டி மட்டும் வரவில்லை. மறுநாள் சேலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "சேலை வேண்டாம்னு இல்ல தம்பி. மைக்கில எம் பேரைக் கூப்பிட்டீயளே" என்றார். வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் சாமியார் கொடுத்த புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். அப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எனக்குச் சரித்திரத்தில் பித்துப் பிடிக்கக் காரணம் அந்தப் பாட்டிதான்.

சபையின் பெயருக்குரிய வின்சென்ட் தே பவுல் 17ஆம் நூற்றாண்டுச் சாமியார். 1617ல் பிரான்சில் சாத்தியோன் என்ற சிற்றூரில் பங்குக் குருவாக இருந்தார். ஒரு ஞாயிறு, பூசைக்கு உடுத்திக்கொண்டிருக்கும்போது, ஒரு வீட்டில் எல்லாருமே நோயில் படுத்திருக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்று சேதி வந்தது. பிரசங்கத்தில் அதைச் சொன்னார். மாலையில் அவரே அந்த வீட்டுக்குப் புறப்பட்டால், வழி நெடுக ஜனம். ஊரே சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. வின்சென்ட் நல்ல விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, கணக்குத் தெரிந்தவர். இன்றைக்கு வந்த சாப்பாட்டில் பாதி நாளைக்குக் கெட்டுப்போகும், நாளை மறுநாள் இவர்கள் பட்டினி என்று யோசித்தார். அந்த ஊர்ப் பெண்களைக் கூட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் என்று முறை போட்டுக் கொடுத்தார். அவர் ஏற்படுத்திய முதல் அன்புச் சங்கம் அதுதான். மைக் இல்லை, மேசை இல்லை, முறை மட்டும்.

ஓசானாம் கதை அதற்கு இருநூறு வருடம் பிந்தியது. 1831ல் பதினெட்டு வயதில் லியோன் நகரத்திலிருந்து பாரீசுக்குச் சட்டம் படிக்க வந்த பையன். ஆம்பியர் வீட்டில் இடம் கிடைத்தது. மனசு சோர்ந்த ஒரு நாளில் கோயிலுக்குள் நுழைந்தபோது, அவ்வளவு பெரிய விஞ்ஞானி ஒரு மூலையில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தான், அது அவனை நிமிர்த்தியது என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த வருடம் பாரீசில் காலரா. பதினெட்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். ஏழைகள் வசித்த சந்துகளில்தான் சாவு அதிகம்.

மாணவர்கள் கூடி விவாதிக்கும் ஒரு சரித்திர மன்றம் இருந்தது. அதில் ஓசானாம் கிறிஸ்தவம் உலகத்துக்குச் செய்த நன்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது எதிரணி மாணவன் ஒருவன், அதெல்லாம் பழைய கதை, இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டானாம். பதில் இல்லை. 1833 ஏப்ரல் 23 அன்று ஆறு மாணவர்கள் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் கூடினார்கள். அலுவலகம் பாய்யி என்பவருடையது. வயதில் மூத்தவரான அவரையே தலைமை தாங்கச் சொன்னார்கள். அன்றைக்கு ஓசானாமுக்கு இருபதாவது பிறந்தநாள். இதை நான் எங்கள் கூட்டத்தில் சொன்னபோது ஒரு உறுப்பினர், "இருபது வயசுல நாம என்ன செஞ்சோம்? மேட்னி ஷோவுக்கு லைன்ல நின்னோம்" என்றார்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய அறியாமைதான். ஏழைகளுக்கு உதவ வேண்டும், ஆனால் எந்த ஏழையையும் தெரியாது. மூஃப்தார் பகுதியில் பல வருடம் வேலை செய்துகொண்டிருந்த ரோசலி என்ற கன்னியாஸ்திரியிடம் போய் நின்றார்கள். அவர்தான் குடும்பங்களின் பட்டியலைக் கொடுத்தார், ரொட்டிக்கும் விறகுக்கும் சீட்டுகளைக் கடனாகக் கொடுத்தார், ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஏழையின் வீட்டுக்கு நேரில் போவது, கூட்டத்தின் முடிவில் யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாமல் காணிக்கை எடுப்பது, இரண்டும் அங்கே ஆரம்பித்தவை. எங்கள் இரகசியப் பையின் பூர்வீகம் அதுதான். ஐந்து ரூபாய் போட்டவரும் ஐம்பது ரூபாய் போட்டவரும் ஒரே மாதிரி முஷ்டியை மூடிக்கொண்டு கையை உள்ளே விட வேண்டும். சிலர் சும்மா கையை விட்டு எடுப்பார்கள். அதுவும் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

நாங்களும் திருந்தினோம். இரண்டிரண்டு பேராக வீடுகளுக்குப் போனோம். அரிசியை இருட்டிய பிறகு கொண்டுபோனோம். பாட்டி சேலை வாங்கிக்கொண்டார், அடுத்த வருடம்.

1992 நவம்பரில் தாமிரபரணி வெள்ளம் வந்தது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கியவர்களுக்குப் பொங்கிப் போடப் பதினொரு பேர் போதவில்லை. மேலத்தெரு, கீழத்தெரு இரண்டிலிருந்தும் இளவட்டங்கள் வந்தார்கள். இரண்டு வாரம் ஒரே அண்டாவைச் சுற்றி நின்றோம். வெள்ளம் வடிந்த பிறகும் பலர் போகவில்லை. 1993 தொடக்கத்தில் நோட்டில் முப்பத்தேழு பேர்.

மேலத்தெரு, கீழத்தெரு என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஞானஸ்நானத் தண்ணீர் ஒன்றுதான். பெஞ்சு வேறு, கல்லறை வரிசை வேறு. வீடு சந்திக்க இரண்டு பேரைச் சீட்டுப் போட்டு அனுப்புவோம். ஒருமுறை என்னோடு வந்தது கீழத்தெருக் கொத்தனார் ஒருவர். போனது மேலத்தெருவில் ஒரு விதவை வீடு. நாங்கள் கொடுக்கும் அரிசியில்தான் அந்த வீட்டு உலை கொதிக்கிறது. அந்த அம்மா எனக்கு எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுத்தார், அவருக்குச் சிரட்டையிலா கொடுப்பது என்று யோசித்தாரோ என்னவோ, "ஒங்களுக்குக் காப்பி ஆகாதுல்லா" என்று தானே சொல்லிக்கொண்டார். கொத்தனார் திண்ணையில் நின்றபடி, "ஆமாம்மா, ஆகாது" என்றார். வரும் வழியில் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கதை. கூட்டத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்குப் பாரீஸ் நினைவுக்கு வந்தது.

அங்கேயும் இதே கட்டம் வந்திருந்தது. ஆரம்பத்தில் எட்டாவது ஆளைச் சேர்ப்பதற்கே தயங்கினார்கள், நெருக்கம் போய்விடும் என்று. 1834 கடைசியில் பார்த்தால் நூறு பேருக்கு மேல். ஒரு அறையில் உட்கார இடமில்லை. குழுவைப் பிரிக்க வேண்டும் என்று ஓசானாம் சொன்னார். பெரிய சண்டை. நண்பர்களை இழந்துவிடுவோம் என்று ஒரு பக்கம் கண்ணீர். டிசம்பர் முழுக்க முடிவு கிடைக்காமல், 1835 தொடக்கத்தில் கோயில் வாரியாக இரண்டு பிரிவாக ஆனார்கள். அந்தப் பிரிவினைதான் சபையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஒரே குழுவாக இருந்திருந்தால் அந்த மாணவர்கள் படிப்பை முடித்ததோடு அதுவும் முடிந்திருக்கும். அந்த வருடக் கடைசியில் எழுத்தில் விதிமுறையும் வந்துவிட்டது. ஓசானாம் 1853ல் நாற்பது வயதில் இறந்தபோது சபை பல நாடுகளில் இருந்தது. இத்தனைக்கும் அவர் அகிலத் தலைவராக ஒருநாளும் இருந்ததில்லை. 1997ல் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் 1993 ஜூன் கூட்டத்தில் நானே எழுந்து நின்று சொன்னேன். குழு பெரிதானால் பிரிவது நல்லது, ஓசானாமே பிரித்தார் என்றேன். எனக்கு அப்போது நிஜமாகவே அந்த எண்ணம்தானா, காப்பி டம்ளர் சங்கடத்திலிருந்து தப்பிக்கும் எண்ணமா என்று இன்றைக்குக் கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். மேலத்தெருப் பெரியவர் ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். "நல்ல யோசனை. நம்ம தெருவ நாம பாத்துக்கிடுவோம், அவுக தெருவ அவுக பாத்துக்கிடட்டும்." கைதூக்கச் சொன்னார்கள். நிறைவேறியது. நான் எழுதினேன்.

பாரீசில் பிரிந்தது எல்லாரும் அறிமுகமாக இருப்பதற்காக. நாங்கள் பிரிந்தது அறிமுகமாகாமல் இருப்பதற்காக. இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது, அதுவும் கணக்கு நோட்டைப் பார்த்துத்தான். மேலத்தெருக் கிளையின் இரகசியப் பையில் பணம் இருந்தது, உதவ நாலு வீடுதான் இருந்தது. கீழத்தெருக் கிளையில் உதவ வேண்டிய வீடுகள் இருபதுக்கு மேல், பையில் கூலிக்காரர்களின் சில்லறை. வசதியான கிளை ஒன்று எளிய கிளையை உறவாக ஏற்று மாதாமாதம் உதவும் வழக்கம் சபையில் உண்டு. நாங்களும் ஏற்றோம், வேறு மறைமாவட்டத்தில் முகம் தெரியாத ஒரு கிளையை. மணியார்டர் பாரத்தை நான்தான் நிரப்புவேன். அதற்குப் பதில் கீழத்தெருக் கிளையையே உறவாக ஏற்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "ஒரே கோயிலுக்குள்ள எதுக்கு அதெல்லாம்" என்று பதில் வந்தது. இரண்டாவது முறை நான் கேட்கவில்லை.

அந்த வருடங்களில் அன்பியங்களும் வந்தன. ஆசிய ஆயர்கள் 1990ல் பாண்டுங் நகரில் கூடி, திருச்சபை சிறு சமூகங்களின் கூட்டுறவாக வேண்டும் என்று சொன்னதன் விளைவு. அருமையான எண்ணம். எங்கள் பங்கில் அன்பியத்தையும் தெருவாரியாகப் பிரித்தார்கள். வேறென்ன சொல்ல!

மறுபடி சேர்ந்தது 2003ல். மனம் திருந்தி அல்ல. மேலத்தெருப் பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய், எங்கள் கிளையில் ஐந்து பேர் மிஞ்சினோம், அதில் இருவருக்கு மூட்டுவலி. கீழத்தெருக் கிளையில் பதினான்கு பேர், அதில் நாலு பேர் பெண்கள். சபை ஆண்களுக்கு மட்டும் என்றிருந்தது 1960களிலேயே மாறிவிட்டது, எங்கள் கிளைக்குத்தான் அந்தச் சேதி எட்டவில்லை. எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் போனது நாங்கள்தான்.

அவர்கள் கிளைக்குத் தலைவர் அந்தக் கொத்தனார். எல்லாருக்கும் டீ வரவழைத்தார், எனக்கும் அவருக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளர். சேர்வதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை, ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டார். "சார், பிரிஞ்ச அன்னைக்கு எழுதின மினிட்டை வாசிங்க. என்ன எழுதியிருக்குன்னு எங்க ஆளுக யாருக்கும் தெரியாது."

பழைய நோட்டை அடுத்த ஞாயிறு எடுத்துக்கொண்டு போனேன். என் கையெழுத்து அப்போது நன்றாகவே இருந்தது. உறுப்பினர் எண்ணிக்கை பெருகிவிட்டபடியால், நிர்வாக வசதி கருதி, கிளையை இரண்டாகப் பிரிப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. வாசித்து முடித்தேன்.

"யாரு வசதி சார்?" என்றார் கொத்தனார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

நான் நோட்டை மூடினேன். இரகசியப் பை என் பக்கம் வந்துவிட்டிருந்தது. கையை உள்ளே விட்டேன்.