தொடர்புப் பட்டியலின் இரண்டாம் பிரதி: தொடக்ககாலத் திறன்பேசிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆராய்வதே வரலாறு என்ற கருத்து இன்று பெரிதும் மாறிவிட்டது. மக்கள் அன்றாடம் கையாண்ட சிறு பொருள்களும் அவற்றைச் சூழ்ந்தெழுந்த பழக்கங்களும் வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியனவே. அவ்வகையில், கையடக்கத் தொலைபேசியில் நாம் சேர்த்து வைக்கும் பெயர்களும் இலக்கங்களும் கொண்ட பட்டியலும் ஓர் ஆவணமேயாகும். பெற்றோரும் உறவினரும் நண்பரும் ஆசிரியரும் மருத்துவரும் கடைக்காரரும் அதில் ஒரே வரிசையில் நிற்கின்றனர். ஒருவர் தம் வாழ்நாளில் யார் யாரோடு உறவு பூண்டார் என்பதை அது சுருங்கிய வடிவில் காட்டுகின்றது.

வீட்டின் ஒரு மூலையில் தொலைபேசி நிலையாக இருந்த காலத்தில், அதனருகே ஒரு குறிப்புப் புத்தகமும் கிடந்தது. அடிக்கடி அழைக்கும் இலக்கங்களோ அப்புத்தகத்தைத் திறவாமலே நாவில் வந்தன. எனவே, எவரும் திட்டமிடாமலே அவ்விலக்கங்களுக்கு இரு பிரதிகள் இருந்தன: ஒன்று தாளில், மற்றது மனத்தில். கையடக்கத் தொலைபேசி வந்தபின் பெயரைத் தெரிந்தெடுத்தால் அழைப்புச் சென்றது. புத்தகம் வேண்டப்படவில்லை, இலக்கத்தை மனனஞ் செய்யவும் தேவை இருக்கவில்லை. இரு பிரதிகளும் மறைந்து கருவியிலுள்ள ஒன்றே எஞ்சியது. அக்கருவி தொலைந்தால் அல்லது பழுதுற்றால் என் செய்வது? இவ்வினாவிலிருந்தே காப்புப் பிரதி எடுத்தலும் அதிலிருந்து மீட்டெடுத்தலுமாகிய புதிய பழக்கம் தோன்றியது. இவ்விரண்டாம் பிரதி யாருடைய கையில் இருந்தது, அது கைமாறியதன் விளைவு யாது என்பனவற்றை 1991ஆம் ஆண்டுக்கும் 2011ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலப்பகுதியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அட்டையில் அமைந்த பட்டியல்

1991ஆம் ஆண்டில் பின்லாந்தில் ஜீ.எஸ்.எம். முறையிலான தொலைபேசிச் சேவை தொடங்கியது. அதற்கென மியூனிக் நகரின் கீசெக்க அன்ட் டெவ்ரியென்ற் நிறுவனம் முதல் 300 சிம் அட்டைகளைச் செய்து ரேடியோலின்ஜா என்ற பின்லாந்து நிறுவனத்துக்கு விற்றது. சந்தாதாரர் இன்னார் என வலையமைப்புக்கு அடையாளங் காட்டுவதே அவ்வட்டையின் முதற் பணி. எனினும் பெயர்களையும் இலக்கங்களையும் பதிவதற்கும் அதில் ஒரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டது.

இவ்வேற்பாடு எளிமையானது, ஆயினும் அதன் உட்பொருள் ஆழமானது. பட்டியல் கருவியிலிருந்து பிரித்தெடுக்கக் கூடியதாயிற்று. பழைய தொலைபேசி பழுதானால் அட்டையைக் கழற்றிப் புதியதில் இட்டாற் போதும், பெயர்கள் மீண்டன. கணினியோ தொழில்நுட்ப அறிவோ தேவைப்படவில்லை.

குறைகளும் இருந்தன. ஒரு பெயருக்கு ஓர் இலக்கம் என்பதே அட்டையின் ஒழுங்கு. பெயருக்கும் சில எழுத்துகளுக்கே இடமிருந்தது. முகவரி, பிறந்தநாள், மின்னஞ்சல் ஆகியன அதில் அடங்கவில்லை. கருவியிலுள்ள விரிவான பதிவை அட்டைக்குப் பெயர்த்தபோது பெயரின் வால் அறுந்தது. இரண்டாம் இலக்கம் விடுபட்டது அல்லது தனிப் பதிவாகப் பிரிந்தது. இவை யாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அட்டை கருவிக்குள்ளேயே இருந்தமையால், கருவியைத் திருடியவன் அட்டையையும் கொண்டுசென்றான். பழுதுக்கு எதிரான காவலாக நின்ற அட்டை, இழப்புக்கு எதிரான காவலாக நிற்கவில்லை.

மேசைக் கணினியின் காவல்

திறன்பேசியின் முன்னோடியாகக் கருதப்படுவது ஐ.பி.எம். சைமன் ஆகும். 1994ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெல்சவுத் நிறுவனத்தால் விற்பனைக்கு விடப்பட்ட இக்கருவியில், தொலைபேசியோடு முகவரிப் புத்தகமும் நாட்காட்டியும் இணைந்திருந்தன. ஏறக்குறைய 50,000 கருவிகளே விற்பனையாயின. ஆனால் பட்டியலைப் பாதுகாக்கும் பழக்கத்தைப் பரவலாக்கியது தொலைபேசியாக அமையாத வேறொரு கருவியே. 1996இல் வெளிவந்த பைலட் என்ற உள்ளங்கைக் கணினியே அது. பின்னர் அவ்வகைக் கருவிகள் பாம் என்ற பெயரால் அறியப்பட்டன.

பைலட்டின் நினைவகம் மின்சாரம் உள்ளவரையே தன்னிலுள்ளவற்றைத் தாங்கும் இயல்பினது. மின்கலங்களை மாற்றுவதற்குச் சிறிது நேரமே கிடைத்தது. அது கடந்தால் எல்லாம் அழியும். ஆதலால் இக்கருவியை அமைத்தோர் இரண்டாம் பிரதியைக் கருவியின் அடிப்படைப் பகுதியாகவே கொண்டனர். கருவியோடு தாங்கி ஒன்று வழங்கப்பட்டது. தாங்கியில் இருத்தி அதிலுள்ள பொத்தானை அழுத்தினால், கருவியிலுள்ள பட்டியலும் மேசைக் கணினியிலுள்ள பட்டியலும் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டுச் சமமாக்கப்பட்டன. இதனையே ஒத்திசைவு என்கிறோம்.

இதன் செயன்முறை நுணுக்கமானது. திருத்தப்பட்ட ஒவ்வொரு பதிவிலும் ஓர் அடையாளம் இடப்பட்டது. முன்னர் ஒத்திசைத்த அதே கணினியாயின் அடையாளமுள்ள பதிவுகள் மாத்திரம் பரிமாறப்பட்டன. வேறு கணினியாயின் எல்லாப் பதிவுகளும் ஒவ்வொன்றாக ஒப்பிடப்பட்டன. ஒரே பதிவு இரு பக்கத்திலும் வெவ்வேறாகத் திருத்தப்பட்டிருப்பின், எது சரியென்று இயந்திரம் தீர்ப்புக் கூறவில்லை. இரண்டையும் வைத்து, தெரிவை உரியவரிடமே விட்டது. ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதங் குறித்த பதிப்பாசிரியரின் நிதானத்தை இங்கே காண்கிறோம்.

இம்முறையிலும் ஆபத்து இல்லாமலில்லை. ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை முழுமையாக மேலெழுதும்படியும் பணிக்கலாம். வெறுமையான கருவியை மூலமெனத் தவறாகக் குறித்தவருக்கு, நிறைந்திருந்த கணினிப் பட்டியலும் வெறுமையாயிற்று. அன்றியும், பொத்தானை அழுத்த மறந்த நாள்களின் பதிவுகளுக்கு இரண்டாம் பிரதியே இல்லை. 2003இல் வந்த ட்ரியோ 600 போன்ற திறன்பேசிகளிலும் மின்கலம் முற்றாகத் தீர்ந்தால் பட்டியல் அழிந்தது. அதனை அடுத்து 2004இல் வந்த ட்ரியோ 650இல்தான் மின்சாரமின்றியும் தரவைத் தாங்கும் நினைவகம் இடம்பெற்றது. எவ்வாறாயினும், இக்காலத்தில் முதற் பிரதி உரியவரின் சட்டைப்பையிலும் இரண்டாம் பிரதி அவரது மேசையிலும் இருந்தன. இரண்டுக்கும் அவரே பொறுப்பாளர்.

பொது வடிவத்தின் தேவை

பிரதி இருந்தாற் போதாது. அதனைப் படிக்கவல்ல கருவியும் வேண்டும். ஒரு நிறுவனத்தின் கருவி எழுதியதை மற்றதன் கருவி அறியாதாயின், கருவியை மாற்றுபவர் தம் பட்டியலை மீண்டும் கையால் எழுதவேண்டியவராவார். இத்தடையை நீக்க இரு முயற்சிகள் நிகழ்ந்தன. அப்பிள், ஏ.ரி. அன்ட் ரி., ஐ.பி.எம்., சீமென்ஸ் ஆகியன சேர்ந்து அமைத்த வேர்சிற் கூட்டமைப்பு, வீகார்ட் என்னும் வடிவத்தின் 2.1ஆம் பதிப்பை 1996இல் வெளியிட்டது. பெயர் இது, இலக்கம் இது, முகவரி இது என வரிவரியாகக் குறிக்கும் வெறும் எழுத்துக் கோப்பே வீகார்ட். இயந்திரம் மட்டுமன்றி மனிதரும் அதனைத் திறந்து படிக்கலாம். அதன் ஆயுள் நீண்டமைக்கு இவ்வெளிமை ஒரு முக்கிய காரணம் எனலாம்.

அடுத்து, 2000ஆம் ஆண்டில் எரிக்சன், ஐ.பி.எம்., மோட்டரோலா, நொக்கியா, பாம் முதலிய நிறுவனங்கள் கூடி சிங்க்எம்எல் என்ற பொது ஒத்திசைவு நெறியை வகுத்தன. வீகார்ட் ஒரு பதிவின் வடிவத்தை வரையறுத்தது. சிங்க்எம்எல்லோ அப்பதிவுகள் இரு இடங்களுக்கிடையே பரிமாறப்படும் ஒழுங்கை வரையறுத்தது. தொலைபேசி, தொலைவிலுள்ள கணினியொன்றோடு வலையமைப்பினூடாகத் தானே ஒத்திசையவும் இதனால் வழி பிறந்தது. இரண்டாம் பிரதி உரியவரின் மேசையை விட்டு நீங்குவதற்கான பாதை திறந்தது.

நிறுவனத்தின் கைக்கு

அப்பாதையில் முழுமையாகச் சென்ற தொடக்ககாலக் கருவி சைட்கிக் ஆகும். கலிபோர்னியாவின் டேஞ்சர் நிறுவனம் வடிவமைத்த இக்கருவியை, 2002ஆம் ஆண்டில் ரி-மொபைல் நிறுவனம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விற்கத் தொடங்கியது. திரையைச் சுழற்றித் திறந்தால் விசைப்பலகை தோன்றும் இக்கருவி இளைஞரிடையே பெருவரவேற்பைப் பெற்றது.

சைட்கிக்கின் தனிச்சிறப்பு அதன் கட்டமைப்பிலேயே இருந்தது. தொடர்புகள், நாட்காட்டி, குறிப்புகள், படங்கள் ஆகியன டேஞ்சரின் வழங்கிகளில், அதாவது நிறுவனத்தின் மையக் கணினிகளில், வைக்கப்பட்டன. கருவியில் இருந்தது அவற்றின் தற்காலிகப் படியே. கருவி தொலைந்தவர் புதியதொன்றை வாங்கித் தம் பெயரைப் பதிந்தால், பட்டியல் முழுவதும் தானாகவே வந்திறங்கியது. கம்பியில்லை, தாங்கியில்லை, பொத்தானை மறந்தேன் என்ற கவலையில்லை. பிரதி எடுத்தல் என்ற வேலையே பயனாளரின் வாழ்விலிருந்து நீங்கியது.

ஆனால் வேலையோடு வேறொன்றும் நீங்கியது. பழைய முறையில் பிரதி எங்கே இருக்கிறது என்பதை அவர் அறிவார். வேண்டின் திறந்து சோதிப்பார். புதிய முறையில் அது தம் நகரிலா, வேறு மாநிலத்திலா, ஒன்றா, பலவா என அவர் அறியார். பட்டியல் அவருடையது, காவல் நிறுவனத்தினது. உடைமையும் கட்டுப்பாடும் இவ்வாறு பிரிந்தன.

2009 ஒக்டோபர்

2008இல் டேஞ்சர் நிறுவனத்தை மைக்ரோசொப்ட் வாங்கியது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் சைட்கிக் சேவை தடைப்பட்டது. மின்கலத்தைக் கழற்ற வேண்டாம், கருவியை மீளத் தொடக்க வேண்டாம், மின்னேற்றம் தீரவும் விட வேண்டாம் எனப் பயனாளர்கள் எச்சரிக்கப்பட்டனர். காரணம் தெளிவானது. கருவி அணைந்தால் அதிலுள்ள தற்காலிகப் படி அழியும். மீண்டும் இறக்குவதற்கு மூலம் இல்லை. எதனை நிழலெனக் கருதினார்களோ அதுவே அந்நாள்களில் பலருக்கு எஞ்சிய ஒரே பிரதியாயிற்று. வரலாற்றின் முரண் இது.

ஒக்டோபர் 10ஆம் திகதி, கருவியில் எஞ்சியிராத தரவுகள் அநேகமாக இழக்கப்பட்டுவிட்டன என அறிவிக்கப்பட்டது. ஐந்து நாள்களின் பின், எல்லாவற்றையும் அல்லாவிடினும் பெரும்பாலானவற்றை மீட்டுள்ளதாக மைக்ரோசொப்ட் கூறியது. அவ்வறிவிப்பில் இரு செய்திகள் வரலாற்று மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை.

முதலாவது, பிரதான தரவுத்தளமும் அதன் காப்புப் பிரதியும் ஒரே கோளாறினால் தாக்குண்டன என்பது. காப்புப் பிரதி இல்லாமலிருக்கவில்லை, இருந்தது. ஆனால் மூலத்தின் விதியிலிருந்து விலகி நிற்கும் வகையில் அது அமையவில்லை. சிம் அட்டை திருடனோடு சென்ற கதையே இங்கும் பேரளவில் நிகழ்ந்தது.

இரண்டாவது, மீட்டெடுத்தலின் வரிசை. தனிப்பட்ட தொடர்புகளே முதலில் மீளளிக்கப்படும் என்றும், நாட்காட்டி, குறிப்புகள், படங்கள் முதலியன அடுத்து வரும் என்றும் கூறப்பட்டது. நெருக்கடி வேளையில் எதனை முதலிற் காப்பாற்ற முனைகின்றோமோ, அதுவே நாம் மதிக்கும் பொருள் எனலாம். படம் இல்லாமல் ஒருவர் சில நாள் இருக்கலாம். அழைக்க வேண்டியவரை அழைக்க இயலாமல் இருப்பது கடினம். இலக்கத்தை மனம் கைவிட்டுவிட்ட ஒரு தலைமுறைக்கு, பட்டியலை இழப்பது மனிதரையே இழப்பதற்கு ஒப்பானது.

கணிசமான இழப்புற்றோருக்கு 100 டொலர் பெறுமதியான அட்டை வழங்க ரி-மொபைல் முன்வந்தது. வழக்குகளும் தொடரப்பட்டன. 2011 மே 31ஆம் திகதி டேஞ்சர் சேவை நிறுத்தப்பட்டது. அம்முடிவு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது.

முடிவுரை

சைட்கிக் மறைந்தது, அதன் கோட்பாடு மறையவில்லை. டேஞ்சரை நிறுவியோருள் ஒருவரான அன்டி ரூபின் பின்னர் அன்ட்ரொயிட் நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவரானார். 2008இல் வெளிவந்த முதல் அன்ட்ரொயிட் தொலைபேசி, தன் தொடர்புகளைக் கூகிள் கணக்கோடு ஒத்திசைத்தது. 2007இல் கணினியோடு கம்பியால் இணைந்து ஒத்திசைந்த ஐபோனும் 2011 ஒக்டோபரில் ஐகிளவுட் சேவையைப் பெற்றது. நிறுவனத்தின் வழங்கியே பிரதியின் இருப்பிடமாவது ஒரு கருவியின் புதுமையாக இருந்த நிலை மாறிப் பொது வழக்காயிற்று.

இம்மாற்றத்தை வெறுமனே குறைகூறுவது பொருந்தாது. பொத்தானை மறந்து பட்டியலை இழந்தோரை இம்முறை காத்தது. அதேவேளை ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு என்பதையும் மறத்தலாகாது. ஒத்திசைவு சேர்த்தலைக் கொண்டுசெல்வது போலவே அழித்தலையும் கொண்டுசெல்லும். இங்கே தவறி நீக்கிய பெயர் அங்கேயும் நீங்கும். மூலத்துக்கு நேர்வது தனக்கு நேராமல் நிற்பதே காப்புப் பிரதியாகும். அது உண்மையான பிரதிதானா என்பதை மீட்டெடுத்துப் பார்க்கும் நாளே காட்டும். அந்நாள் நெருக்கடியின் நாளாக அமையாதிருப்பது நன்று.

அட்டையிலிருந்து மேசைக்கும் மேசையிலிருந்து வழங்கிக்கும் இரண்டாம் பிரதி சென்ற இருபதாண்டுப் பயணத்தில், ஒவ்வொரு படியிலும் நமது உழைப்புக் குறைந்தது. நமது அறிவும் பொறுப்பும் உடன் குறைந்தன. அவற்றை மீளப் பெறுவதற்குப் பெருமுயற்சி தேவையில்லை. பட்டியலை ஒரு வீகார்ட் கோப்பாக எடுத்து நமக்குரிய வேறோரிடத்தில் வைத்தலும், இன்றியமையாத நாலைந்து இலக்கங்களைத் தாளொன்றில் எழுதுதலும் சில நிமிட வேலைகளே. தாயின் இலக்கத்தையேனும் மனத்தில் வைத்திருப்பவர், அப்பழைய இரண்டாம் பிரதியை இன்னும் முற்றாகக் கைவிடாதவர்.