போர்டு மாட்டாத டாக்டரம்மா

போன மாசம் ஒரு ராத்திரி, ஆபீஸ்ல ஆணி பிடுங்கி முடிச்சுட்டு வந்து உக்கார்றேன், சித்தி போன். அவங்க பொண்ணுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில சீட் கிடைச்சிருக்கு. 1903-ல ஆரம்பிச்ச காலேஜ், லேசுல கிடைக்கிற எடமில்ல. ஆனா சித்தி அதை எழவு வீட்டு சேதி மாதிரி சொன்னாங்க.

"பொட்டப்புள்ள மாட்டு டாக்டருக்குப் படிச்சா எவன்டா வேலை குடுப்பான்? ராத்திரி ரெண்டு மணிக்கு மாடு கன்னு போடாம தவிக்குதுன்னு ஒருத்தன் வந்து நின்னா இவ போவாளா?"

"போவா சித்தி. நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு அம்மணி போயிருக்காங்க"ன்னு சொன்னேன். யாருன்னு கேட்டாங்க. போன்ல சொல்லி முடிக்கிற கதை இல்ல அது. அதான் இந்தப் பதிவு.

அவங்க பேரு அலீன் கஸ்ட். 1868-ல அயர்லாந்துல, டிப்பரரி கவுண்ட்டியில பிறந்தவங்க. அப்போ அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில இருந்துச்சு. அப்பா 'சர்' பட்டம் உள்ள பிரபு. அந்த மாதிரி வீட்டுப் பொண்ணு குதிரை ஏறலாம், நாய் வளர்க்கலாம். குதிரைக்கு வைத்தியம் பாக்கறேன்னு கிளம்பினா மட்டும் குடும்ப மானம் போயிடும். அம்மணி கிளம்பினாங்க.

1894-ல எடின்பரோவுல இருந்த நியூ வெட்னரி காலேஜ்ல சேர்ந்தாங்க. அதை நடத்தினவர் வில்லியம் வில்லியம்ஸ். பொண்ணைச் சேத்துக்க அவர் தயங்கல. ஆனா வீட்டாருக்கு சங்கடம் வரக்கூடாதுன்னு அம்மணியே தன் பேரை 'கஸ்டன்ஸ்'னு மாத்திப் பதிஞ்சுக்கிட்டாங்க. புனைபேர்ல எழுதுற நமக்கெல்லாம் இது புரியும் :-)

பாடத்துல ஒரு குறையும் இல்ல. விலங்கியல்ல தங்க மெடல் வேற. சிக்கல் பரீட்சையில வந்துச்சு. அது புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஐரோப்பாவுல ரொம்ப காலம் குதிரைக்கு வைத்தியம் பாத்தது லாடம் அடிக்கிறவங்கதான். மாட்டுக்கு ஊர்ல யாருக்குக் கைவந்திருக்கோ அவங்க. 1761-ல பிரான்ஸ்ல க்ளோட் பூர்ழலா அரசாங்க அனுமதி வாங்கி லியோன் நகரத்துல ஆரம்பிச்சதுதான் உலகத்தோட முதல் கால்நடை மருத்துவப் பள்ளி. அப்போ வெக்கை நோய் வந்து மாடுங்க கொத்துக் கொத்தா செத்துக்கிட்டிருந்த காலம். லண்டன்ல 1791-ல ஒரு கல்லூரி வந்துச்சு. ஆனா படிச்சு வந்தவரையும் லாடக்காரரையும் சனங்க ஒரே தட்டுலதான் வச்சாங்க. 'நாங்க வேற'ன்னு நிரூபிக்கறதுக்கே படிச்சவங்களுக்கு ரெண்டு தலைமுறை ஆச்சு.

அந்தப் போராட்டத்துல பிறந்ததுதான் 1844-ல ராஜ சாசனம் வாங்கின ராயல் காலேஜ் ஆஃப் வெட்னரி சர்ஜன்ஸ். பேர்ல காலேஜ் இருந்தாலும் அங்க பாடம் நடத்த மாட்டாங்க. பரீட்சை வைப்பாங்க, பாஸானவங்க பேரைப் பட்டியல்ல சேப்பாங்க. நம்ம ஊரு பார் கவுன்சில் மாதிரின்னு வச்சுக்குங்களேன். 1881-ல இன்னொரு சட்டம் வந்துச்சு. அந்தப் பட்டியல்ல பேர் இருந்தாத்தான் ஒருத்தர் தன்னை 'வெட்னரி சர்ஜன்'னு சொல்லிக்க முடியும்.

மேட்டர் இங்கதான் இருக்கு. சட்டம் காவல் காத்தது பட்டத்தை மட்டும்தான். பட்டியல்ல பேர் இல்லாதவங்க மாட்டைத் தொடவே கூடாதுன்னு சொல்ற சட்டம் பிரிட்டன்ல 1948-லதான் வந்துச்சு. அதுவரைக்கும் யார் வேணா வைத்தியம் பாக்கலாம், காசு வாங்கலாம். வாசல்ல போர்டு மட்டும் மாட்டக் கூடாது.

சரி, கதைக்கு வருவோம். 1897-ல கல்லூரி வச்ச ஆளுங்களோட அம்மணியும் முதல் பரீட்சைக்குப் போகணும். ராயல் காலேஜ் வக்கீல்கிட்ட கருத்துக் கேட்டு, பொம்பளையை அனுமதிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. அவங்க எடின்பரோ கோர்ட்டுக்குப் போனாங்க. கோர்ட்டு பொம்பளை எழுதலாமா கூடாதாங்கற விவகாரத்துக்குள்ளயே போகல. 'ராயல் காலேஜ் இருக்கறது லண்டன்ல, ஸ்காட்லாந்து கோர்ட்டுக்கு அதிகாரம் இல்ல'ன்னு அனுப்பிடுச்சு. நம்ம தாலுகா ஆபீஸ்ல 'இது இந்த செக்‌ஷன் இல்லீங்க, மாடிக்குப் போங்க'ன்னு சொல்வாங்களே, அதேதான். லண்டன் வரைக்கும் அவங்க வழக்கைக் கொண்டுபோகல.

அப்போ அவங்களுக்கு 29 வயசு. எனக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான். பரீட்சை எழுத விடமாட்டோம்னு எழுதிக் குடுத்த ஒரு படிப்பை நான் இன்னும் மூணு வருஷம் படிப்பேனா? மாட்டேன். துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு வேற வேலை பாத்திருப்பேன். அவங்க 1900 வரைக்கும் படிச்சு முடிச்சாங்க. கையில பட்டம் இல்ல, பட்டியல்ல பேர் இல்ல. இருந்தது வில்லியம்ஸ் குடுத்த ஒரு சிபாரிசுக் கடிதம்.

அந்தக் கடிதத்தை நம்பி வேலை குடுத்தவர் வில்லியம் பைர்ன். அயர்லாந்துல ராஸ்காமன் கவுண்ட்டி, அத்லீக்னு ஒரு சின்ன ஊரு. அங்க அவர் பேர் வாங்கின கால்நடை மருத்துவர். அம்மணியை உதவியாளரா சேத்துக்கிட்டார். மாடு, குதிரை, ஆடு, ஈரம் பிடிச்ச மேய்ச்சல் நிலம். குதிரையிலயும் குதிரை வண்டியிலயும் பண்ணை பண்ணையா போனாங்க. கன்னு குறுக்கே மாட்டிக்கிட்டா தோள் வரைக்கும் கையை விட்டுத் திருப்பணும். அங்க போய் 'நான் சர் வீட்டுப் பொண்ணு'ன்னு சொல்லி ஒண்ணும் ஆகாது. கன்னு வெளிய வரணும், அவ்ளோதான்.

அந்தப் பக்கத்து விவசாயிங்க பெண் விடுதலை பத்தி யோசிச்சிருப்பாங்கன்னு நான் நினைக்கல. பசு ஒண்ணு செத்தா ஒரு வருஷப் பிழைப்பு போயிடும். யார் வந்தா பிழைக்குமோ அவங்களைக் கூப்பிட்டாங்க.

1905-ல பக்கத்து கால்வே கவுண்ட்டி கவுன்சில் ஒரு பகுதிக்குக் கால்நடை ஆய்வாளரா அவங்களை நியமிச்சுது. கால்நடைத் தொற்று நோய்ச் சட்டப்படி சோதனை போடற அரசு வேலை. உடனே ராயல் காலேஜ் எதிர்ப்பு. பட்டியல்ல பேர் இல்லாத ஆளுக்கு எப்படி இந்தப் பதவின்னு கேள்வி. கவுன்சில் விட்டுக்குடுக்கல. கடைசியில பாருங்க, நம்ம ஊருக்காரங்களே யோசிச்ச மாதிரி ஒரு சமரசம்: வேலையை அவங்களே பாக்கலாம், பதவிப் பேரு மட்டும் வேற! அதே மாடு, அதே நோய், அதே சோதனை. பைல்ல எழுதற பேரு மட்டும் வேற.

1910-ல பைர்ன் இறந்துட்டார். அந்தத் தொழிலை அவங்களே எடுத்து நடத்தினாங்க. பரீட்சை எழுத விடாம துரத்தின ஆளு, பதிமூணே வருஷத்துல அந்த வட்டாரத்துக்கே டாக்டரம்மா.

1915-ல தன் சொந்தக் காரை எடுத்துக்கிட்டு பிரான்ஸுக்குப் போனாங்க. முதல் உலகப்போர் நடந்துக்கிட்டிருந்துச்சு. பீரங்கி இழுக்க, சாமான் சுமக்க எல்லாத்துக்கும் குதிரைதான். அபவில் நகரத்துப் பக்கம் பிரிட்டிஷ் ராணுவத்தோட பெரிய குதிரை ஆஸ்பத்திரிகள் இருந்துச்சு. அவங்க போனது ஒய்.எம்.சி.ஏ. தொண்டரா. பாத்தது குதிரை வைத்தியம். 1918-ல ராணுவத்தோட பெண்கள் துணைப்படையில பேர் பதிவாச்சு. அதுலயும் வெட்னரி சர்ஜன்னு இல்ல, நுண்ணுயிர் ஆய்வாளர்னுதான்.

போர் முடிஞ்சு 1919-ல, பொம்பளைங்கற ஒரே காரணத்துக்காக யாரையும் ஒரு தொழில்ல சேக்காம ஒதுக்கக் கூடாதுன்னு பார்லிமெண்ட் சட்டம் போட்டுச்சு. ராயல் காலேஜுக்கு வேற வழி இல்ல. அவங்க போர்க்காலத்துல செஞ்ச சேவையை முன்னிட்டு வாய்மொழித் தேர்வு மட்டும் வச்சாங்க. 1922 டிசம்பர்ல டிப்ளமா கைக்கு வந்துச்சு. பிரிட்டன், அயர்லாந்து ரெண்டுக்கும் சேத்து முதல் பெண் வெட்னரி சர்ஜன். வயசு 54. படிச்சு முடிச்சு 22 வருஷம்.

ரெண்டே வருஷத்துல, 1924-ல, தொழிலை வித்துட்டு இங்கிலாந்துல போய் ஓய்வா உக்காந்துட்டாங்க. 1937-ல ஜமைக்காவுல இறந்தாங்க. போர்டு மாட்டி வேலை பாத்தது ரெண்டு வருஷம்தான். மாட்டாம பாத்தது இருபத்தி ரெண்டு வருஷம். இந்தக் கணக்குதான் என்னை உறுத்திக்கிட்டே இருக்கு.

இதை வச்சு 'பட்டமாவது பட்டியலாவது'ன்னு நான் வசனம் பேச வரல. நம்ம பொழப்புல அப்படி ஈசியா சொல்லிடலாம். மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா அடிக்கிற என்னை எந்தக் கவுன்சிலும் பதிவு எண் கேக்கல. புரோகிராம் ஓடினா ஓடுது, இல்லாட்டி அடுத்த நாள் சரிபண்ணிக்கலாம். மாடு அப்படி இல்ல. வாயில்லா ஜீவன். போட்ட ஊசி சரியா தப்பான்னு மாட்டுக்காரருக்கும் தெரியாது. அதனால பட்டியல் கண்டிப்பா வேணும். தெரிஞ்சவங்களையும் தெரியாதவங்களையும் பிரிக்கத்தான் அதை உண்டாக்கினாங்க. அதே பட்டியலை வச்சு தெரிஞ்ச ஒருத்தரை 22 வருஷம் வெளிய நிக்க வச்சாங்க. தப்பு அங்கதான். லாடக்காரர்னு சொல்லிடுவாங்களோன்னு ஒரு காலத்துல பயந்தவங்க, பொம்பளைங்க வேலைன்னு சொல்லிடுவாங்களோன்னும் பயந்திருப்பாங்கன்னு எனக்குத் தோணுது.

இன்னொண்ணையும் சொல்லணும். பிரபு வீட்டுப் பொண்ணுங்கறதால அவங்களால வழக்கு போட முடிஞ்சுது, வருஷக்கணக்கா காத்திருக்க முடிஞ்சுது. அத்லீக்ல ஒரு கூலிக்காரர் பொண்ணுக்கு இதே ஆசை வந்திருந்தா? அந்தப் பேரு எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. 1923-லயே லிவர்பூல்ல எடித் நைட்னு ஒரு பொண்ணு மத்த மாணவர்கள் மாதிரியே முறையா பரீட்சை எழுதி வெளிய வந்தாங்க. இன்னிக்கு பிரிட்டன்ல கால்நடை மருத்துவர்கள்ல பாதிக்கு மேல பெண்கள்தான்.

தங்கச்சிகிட்ட இதையெல்லாம் சொல்லிட்டு ஒண்ணே ஒண்ணு சேத்துச் சொன்னேன். படிச்சு முடிச்சதும் சம்பளத்தை மட்டும் பாக்காத. வில்லியம்ஸ் மாதிரி உன் வேலையைத் தெரிஞ்சு எழுதிக் குடுக்க ஒருத்தர், பைர்ன் மாதிரி மாட்டை உன் கையில விட்டுட்டுப் பக்கத்துல நிக்க ஒருத்தர், இந்த ரெண்டு பேரைத் தேடிப் பிடி. அம்மணிக்குக் கதவு திறந்தது அவங்களாலதான். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம் அவங்க கையால செஞ்சது.

தங்கச்சி "ம்"னா. சித்தி ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்திருக்காங்க போல.

"அதெல்லாம் சரிடா. அந்தம்மாவுக்கு ராத்திரியில துணைக்கு யாரு போனா?"

"குதிரை, சித்தி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. நேத்து தங்கச்சி மெசேஜ் அனுப்பியிருக்கா: அம்மா ஸ்கூட்டிக்கு ஓகே சொல்லிட்டாங்களாம் :-)