அண்ணன் சென்ற வழியும் தம்பி சென்ற வழியும்

நம் சமுதாயத்தின் பழைய குடும்பங்களில் 'பாரிஸ்டர்' என்னும் சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. சீமைக்குக் கப்பலேறிச் சென்று திரும்பியவரின் பெயருக்கு முன்னால் அது ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பேரன் காலம்வரை அழியாது. 'சாலிசிட்டர்' என்பதற்கும் 'வக்கீல்' என்பதற்கும் அந்த மவுசு வாய்த்ததில்லை. இந்த ஏற்றத்தாழ்வு சரிதானா என்று எண்ணிப் பார்க்க, பம்பாய்த் தியாப்ஜி குடும்பத்தின் வரலாறு நமக்கு நல்ல சான்று.

முல்லா தைய்யிப் அலி, சுலைமானி போஹ்ரா வகுப்பைச் சேர்ந்த வணிகர். ஆங்கிலக் கல்வியை முஸ்லிம்கள் ஐயத்துடன் நோக்கிய அக்காலத்தில் தம் புதல்வர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் படிக்க வைத்த துணிவுக்காரர். அப்புதல்வர்களுள் கமருத்தீன், 1858இல் இங்கிலாந்தில் சாலிசிட்டராகப் பதிவு பெற்றார். அத்தகுதியை அங்கே அடைந்த முதல் இந்தியர் அவரே. அப்போது தம்பி பத்ருத்தீனுக்கு வயது 14.

ஆங்கிலேயரின் சட்டத் தொழிலில் இரு பிரிவுகள் உண்டு. கட்சிக்காரர் முதலில் காணுவது சாலிசிட்டரைத்தான். பத்திரம் வரைவதும், சாட்சியம் திரட்டுவதும், வழக்குக்கட்டை ஒழுங்கு செய்வதும் அவர் வேலை. உயர்ந்த நீதிமன்றங்களில் எழுந்து நின்று வாதிடுவது அன்று பாரிஸ்டரின் உரிமையாக இருந்தது. ஆனால் அந்தப் பாரிஸ்டர் கட்சிக்காரரை நேரே அழைத்து வழக்கு வாங்கிக்கொள்ள அக்காலத்தில் முடியாது. சாலிசிட்டர் கையிலிருந்தே அது அவருக்கு வரவேண்டியிருந்தது.

பயிற்சியிலும் அன்று இருவர் பாதையும் வேறு. சாலிசிட்டராக விரும்புகிறவர் அத்தொழிலில் இருக்கும் ஒருவரிடம் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து, பொதுவாக ஐந்தாண்டுகள் அவர் அலுவலகத்தில் எழுத்தராக உழைத்துத் தேர்வும் எழுத வேண்டியிருந்தது. பாரிஸ்டர் ஆவதற்கோ லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் ஆகிய நான்கு பழைய சபைகளுள் ஒன்றில் சேர்ந்து, பன்னிரண்டு பருவங்கள் கழிக்க வேண்டியிருந்தது. பருவம் கழிப்பதென்றால் என்ன? சபையின் மண்டபத்தில் இத்தனை இரவுகள் விருந்துண்டதாகக் கணக்குக் காட்டுவதுதான்! 1872இல்தான் தேர்வு கட்டாயமாயிற்று. இன்னர் டெம்பிளில் பயின்ற காந்தியடிகள், நால்வர் அமரும் மேசைக்கு இரண்டு புட்டி மது தரப்பட்டதையும், தாம் குடிக்காதவர் என்பதால் தம்மைத் தங்கள் மேசையில் சேர்த்துக்கொள்ளப் பிறர் போட்டியிட்டதையும் எழுதியிருக்கிறார். முஸ்லிம் மாணவர்க்கு அந்த மண்டபம் எவ்வளவு சங்கடமாய் இருந்திருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

மதரஸாவில் உருதுவும் பாரசீகமும் கற்று, எல்பின்ஸ்டன் கல்விநிலையத்திலும் பயின்ற பத்ருத்தீன், 1860இல் இங்கிலாந்து சென்றார். பாரிஸ்டராகும் எண்ணத்தை ஊட்டியவர் அண்ணன் கமருத்தீனே. 1863இல் மிடில் டெம்பிளில் சேர்ந்தார். கண்பார்வை மங்கத் தொடங்கவே, மறு ஆண்டு படிப்பை விட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. அத்துடன் நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நிற்கவில்லை, 1865இல் மீண்டும் சென்று, 1867 ஏப்ரலில் பாரிஸ்டரானார். அவ்வாண்டு டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முதல் இந்தியப் பாரிஸ்டராக நின்றார்.

வெள்ளைப் பாரிஸ்டர்கள் நிறைந்திருந்த அந்த மன்றத்தில், வழக்குக்கட்டு சாலிசிட்டர் வழியாகத்தான் வரும் என்னும் நிலையில், அதே தொழிலை அறிந்த அண்ணன் ஒருவர் இருந்ததன் அருமையை எளிதில் ஊகிக்கலாம். 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்ததும், 1895இல் நீதிபதியானதும், முன்னர் மறுக்கப்பட்டிருந்த ஜாமீனை 1897இல் திலகருக்கு வழங்கியதும் தம்பியின் புகழாக நிலைத்துவிட்டன. கமருத்தீன் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்?

பிறந்த மண்ணிலேயே மூன்றாம் வழி ஒன்றும் இருந்தது. அது வக்கீல் வழி. நிக்காஹ் மஜ்லிஸில் நாம் கேட்டுப் பழகிய அதே அரபுச் சொல்தான் நீதிமன்றத்திலும் புகுந்தது. கப்பல் செலவில்லை, விருந்துக் கணக்கில்லை. இங்கேயே படித்துத் தேறினால் போதும். ஆயினும் பம்பாய், கல்கத்தா உயர்நீதிமன்றங்களில் மேல்முறையீட்டுப் பிரிவு மட்டுமே வக்கீலுக்குத் திறந்திருந்தது. அசல் வழக்குப் பிரிவு பாரிஸ்டர்களின் கோட்டை. சென்னையில் அக்கோட்டை முன்னதாகவே தளர்ந்தது. மாதம் ஒரு ரூபாய்க்குக் கிராமக் கணக்கரிடம் வேலை பார்த்த சிறுவன் முத்துசாமி, சீமைப் பட்டம் இல்லாமலே 1870களின் பிற்பகுதியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். வக்கீலாகவே விளங்கிய பாஷ்யம் ஐயங்கார் 1897இல் அட்வகேட் ஜெனரல் பொறுப்பேற்றார்.

1926ஆம் ஆண்டின் பார் கவுன்சில் சட்டம் இவ்வேற்றுமையைப் பெரிதும் குறைத்தது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் எல்லாரையும் ஒரே வகுப்பாக்கியது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் எஞ்சியிருந்த அட்டர்னி முறை 1976இல் வந்த திருத்தத்தால் மறைந்தது. இங்கிலாந்திலோ இரு பிரிவுகளும் இன்றும் உள்ளன. ஆனால் 1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் சாலிசிட்டரும் உரிய தகுதி பெற்று உயர்ந்த மன்றங்களில் வாதிடலாம். பாரிஸ்டர் படிப்பை முடித்தோர்க்கு அங்கே இப்போது பெரிய தடை, 'பியூப்பிலேஜ்' எனப்படும் ஓராண்டுத் தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைப்பதே. பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் விசாரிக்க வேண்டியது அதைத்தான். கருப்பு அங்கியோடு எடுக்கும் புகைப்படத்தைப் பற்றியன்று.

நாகூரில் பிறந்து, சென்னையிலேயே சட்டம் பயின்று, கம்பனில் தோய்ந்த மு. மு. இஸ்மாயில் 1979இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். அவர் பெயருக்கு முன்னால் 'பாரிஸ்டர்' என்ற சொல் இருந்ததில்லை.