கடல் கடந்து வந்த பெருநாள் பலகாரங்கள்

ஊர் வரலாற்றைக் கல்வெட்டுகளிலும் கப்பல் கணக்குகளிலும் தேடும் நாம், பெருநாள் காலையில் நம் அடுக்களையை ஒரு சான்றாக எண்ணிப் பார்ப்பதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை முதலான கடலோர ஊர்களின் வாணிப வரலாற்றில் ஒரு பகுதி அங்கேதான் பாதுகாக்கப்பட்டு வருகிறது. வட்டலப்பமும் தொதலும் அதற்குச் சாட்சிகள்.

முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம் ஆகியவற்றைக் கலந்து ஆவியில் வேகவைப்பது வட்டலப்பம். 'வட்டில்', 'அப்பம்' என்னும் சொற்கள் இணைந்து இப்பெயர் பிறந்தது என்பர். பெயர் தமிழாயினும் பண்டத்தின் வேர் கிழக்கே செல்கிறது. மலாய் மக்களின் 'ஸ்ரீகாயா'வும் முட்டை, தேங்காய்ப்பால், இனிப்பு ஆகியவற்றால் ஆனதே. 1656-இல் கொழும்பைக் கைப்பற்றிய டச்சுக்காரர், 1796 வரை இலங்கைக் கரையோரங்களை ஆண்டனர். ஜாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரர்களையும், நாடு கடத்தப்பட்ட அரச குடும்பத்தினரையும் அங்குக் கொண்டு வந்தனர். அவர்கள் வழிவந்த மலாய் முஸ்லிம்களிடமிருந்தே வட்டலப்பம் இலங்கைச் சோனகர் இல்லங்களுக்குச் சென்றது என்பது பரவலான கருத்து.

இலங்கையோடு வாணிபத் தொடர்பும் உறவும் கொண்டிருந்த நம் கரையோர ஊர்களிலும் அது பெருநாள் பண்டமாயிற்று. அங்கே கித்துள் கருப்பட்டி. இங்கே பனங்கருப்பட்டியும் சீனியும். செய்முறையைக் கடல் தந்தது. இனிப்பை அவரவர் மண் தந்தது.

கீழக்கரையின் புகழ்பெற்ற தொதலும் இவ்வாறே. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி கொண்டு செய்யப்படும் இதனை மலாய் நாட்டினரும் இந்தோனேசியரும் 'தோதோல்' என்றே அழைக்கின்றனர். பினாங்கில் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826-இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அந்நாடுகளோடு நம் முன்னோர் கொண்டிருந்த நெருக்கத்தை உணர்த்துகின்றன.

தொதல் தனியொருவர் கைக்கு அடங்கும் வேலையன்று. எண்ணெய் பிரிந்து திரளும்வரை பல மணி நேரம் கைமாற்றிக் கைமாற்றிக் கிண்ட வேண்டும். அண்டை வீட்டார் வந்து துடுப்புப் பிடிப்பர். அவர்களுக்குரிய பங்கும் அவர்கள் வீடு போய்ச் சேரும். பலகாரம் வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்பாததும் நம் பெரியவர்கள் பேணிய வழக்கம். குழம்பில் சற்று நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அறிந்த சமுதாயமன்றோ இது! தட்டு சென்ற வழியே செய்முறையும் சென்றது.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது, 1914 முதல் அங்கிருந்து தலைமன்னாருக்கு நடைபெற்ற கப்பல் போக்குவரத்தும் முடிவுற்றது. பயணங்கள் குறைந்தன, பலகாரங்கள் நிலைத்தன. அவற்றைக் காத்தவர்கள் ஏட்டில் பெயர் இடம்பெறாத நம் தாய்மார்களே.

இன்று பெருநாள் இனிப்புகளைக் கடையில் சொல்லி வாங்குவது எளிதாகிவிட்டது. அதில் குறை காண நாம் முனையவில்லை. எனினும், கருப்பட்டி எவ்வளவு, பால் எத்தனையாம் பிழிவு, இறக்கும் பதம் எது என்பன முதியோரின் கைப்பழக்கத்தில் மட்டுமே உள்ளன. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும். ஆகவே, வரும் பெருநாளுக்குள் இன்ஷா அல்லாஹ், ஒவ்வொரு வீட்டிலும் மூத்த பெண்மணியின் அருகிலிருந்து செய்முறையைக் கேட்டு எழுதி வைப்போம். செய்த பண்டத்தில் ஒரு தட்டை அடுத்த வீட்டுக்கும் அனுப்புவோம்.