கையேடு சொன்ன பொய்

கொலை மர்ம விளையாட்டுகளில் மனிதர் பொய் சொல்லலாம். கையேடு பொய் சொல்லாது என்பது எழுதப்படாத விதி. 1981இல் பலகை விளையாட்டாகவும் 1991இல் கணினி விளையாட்டாகவும் வந்த 'ஷெர்லாக் ஹோம்ஸ்: கன்சல்டிங் டிடெக்டிவ்' இந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. பலகையில் ஆடுவோர் தமக்குள் போட்டியிடாமல், லண்டன் வரைபடத்தையும் முகவரிக் கையேட்டையும் நாளிதழையும் கூடிப் படித்துக் கொலையாளியை நெருங்குகின்றனர்.

ஹோம்ஸ் அந்தமானை எட்டியதும் ஒரு கையேட்டின் துணையால்தான். ஆர்தர் கானன் டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' (1890) நாவலில், பூட்டிய அறைக்குள் ஒருவர் நச்சு முள்ளால் கொல்லப்படுகிறார். சிறிய காலடித் தடம் கிடைக்கிறது. ஹோம்ஸ் புவியியல் அகராதியைத் திறக்கிறார். அந்தமானியர் நரமாமிசம் உண்போர், நச்சம்பு எய்வோர் என்கிறது அது. கொலையாளி டோங்கா என்னும் அந்தமானியன், ஆயுதம் ஊதுகுழல்.

உண்மையில் அந்தமானியரின் ஆயுதம் வில். ஊதுகுழலும் இல்லை, அம்பில் நஞ்சும் இல்லை. போர்ட் பிளேரில் பணியாற்றி அவர்கள் மொழியைக் கற்ற எட்வர்ட் ஹோரஸ் மேன், நரமாமிசக் கதையை மறுத்து எழுதிய கட்டுரைகள் 1880களின் தொடக்கத்திலேயே லண்டனில் அச்சாகியிருந்தன. ஹோம்ஸின் மேசைக்கு அவை வரவில்லை.

1858இல் ஆங்கிலேயர் அங்கே கைதிக் குடியிருப்பை நிறுவியபின், தட்டம்மை முதலிய நோய்களால் மடிந்தவர்கள் அந்தமானியரே. அவர்களது மொழிகளுள் ஒன்றான போ, 2010இல் தன் கடைசிப் பேச்சாளரை இழந்தது. டோங்காவின் கதையோ இன்றும் அச்சில் இருக்கிறது. கூடித் துப்பறிவோர் முதலில் விசாரிக்க வேண்டிய சாட்சி, கையேடுதான்.