கேள்வி கேட்கிறவள்

கொலைக் கதை படிக்கிறவர்களைப் பற்றி நம்மவர்களுக்கு எப்போதுமே ஓர் இளக்காரம் உண்டு. பொழுது போகாதவர்கள், ரத்தம் பார்த்து ரசிக்கிறவர்கள் என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். படிக்கிறவர் பெண்ணாக இருந்துவிட்டால் தீர்ப்பு இன்னும் கடுமையாகும். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-ல் வெளிவந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தார்கள். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்திக்கொண்டே நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அவற்றிலும் துப்பறியும் கதைகள் உண்டு. தீர்ப்புச் சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். படிக்கிறவர்கள் படித்துக்கொண்டே இருந்தார்கள்.

படித்தவர்களின் அபிப்பிராயம் என்ன? அதை யாரும் அச்சில் கேட்டுப் போடவில்லை. ஆனால் அது எங்கே கிடைக்கும் என்பது வாடகை நூல் நிலையத்தில் புத்தகம் எடுத்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து ஓரங்களில் பென்சிலால் எழுதியிருப்பார்கள். முதல் அத்தியாயத்திலேயே "கொலைகாரன் இவன்தான்" என்று ஒரு மகானுபாவர் அம்புக்குறி போட்டு வைத்திருப்பார். அடுத்தவர் அதை அடித்துவிட்டு, "பொய், நம்பாதே" என்று எழுதியிருப்பார். "இவள் ஏன் தனியாகப் போகிறாள்? புத்தி இல்லையா?" என்று ஒரு குறிப்பு இருக்கும். அதன் கீழே வேறு கையெழுத்தில், "யாராவது கூட வந்தால்தானே!" என்று பதில் இருக்கும். அந்த இரண்டாவது கையெழுத்து ஒரு பெண்ணுடையது என்று நான் பந்தயம் கட்டுவேன்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் பூமியில், கொலை என்பது கதைப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்த புதுமை அல்ல. மாசிச் சிவராத்திரியன்று குலதெய்வம் கும்பிடப் போகிற கூட்டத்தோடு நீங்களும் போய்ப் பாருங்கள். குண்டாற்றங்கரையிலோ, கண்மாய்க் கரையிலோ, வேலிக்கருவைக் காட்டுக்கு நடுவிலோ ஒரு சின்னப் பீடம் இருக்கும். சில இடங்களில் விக்கிரகம்கூட இராது. ஒரு பெட்டியும் அதற்குள் ஒரு சேலையும் இருக்கும், அதுதான் அம்மன். யார் இந்த அம்மன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு கதை வரும். இந்தக் குடும்பத்துப் பெண், சின்ன வயது, அநியாயமாகச் செத்துப் போனாள். அப்புறம் ஊரில் மழை இல்லை, ஆடு மாடு நிற்கவில்லை. பயந்துபோய்ப் பொங்கல் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். தென் மாவட்டங்கள் முழுவதும் இப்படிக் கொலையில் பிறந்த தெய்வங்கள் உண்டு.

கதையில் எல்லாம் இருக்கும். அவள் உடுத்தியிருந்த சேலையின் நிறம்கூட இருக்கும். ஒன்று மட்டும் பல சமயங்களில் இராது. யார் கொன்றது? அந்தக் கேள்வி வந்ததும் சொல்கிறவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். கொன்றவர்கள் எதிரிகளாக இருந்தால் பெயர் வந்துவிடும். அண்ணனாகவோ, அப்பனாகவோ இருந்தால்தான் "விதி" என்ற பெயர் வரும். கும்பிடுகிறவர்களும் அவர்கள் வம்சம், கொன்றவர்களும் அவர்கள் வம்சம். கேஸை யார் எடுத்து நடத்துவது? அவளைத் தெய்வமாக்கி வழக்கை முடித்துவிட்டார்கள்.

இதே பாண்டி நாட்டில் ஒரு பெண் அப்படி முடிக்க விடவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வடக்கே மதுரையில், கண்ணகி அரசனிடம் போய் நின்றாள். அவள் கொண்டுபோனது கண்ணீரை மட்டும் அல்ல, தடயத்தை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. என் சிலம்பில் இருப்பது மாணிக்கம். உடைத்துப் பார் என்றாள். இதைவிடச் சுத்தமான துப்பறிதல் எந்த நாவலில் இருக்கிறது? ஆனால் நாம் நினைவில் வைத்துக்கொண்டது என்ன? மதுரை எரிந்ததையும், அவள் தெய்வமானதையும்தான். அவள் முதலில் கேள்வி கேட்டாள் என்பதை மெல்ல மறந்தோம்.

நாம் மட்டும் இப்படி என்று தலை குனிய வேண்டாம். 1888-ல் லண்டனில், ஒயிட்சேப்பல் வட்டாரத்தில், ஐந்து ஏழைப் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் அகப்படவே இல்லை. பத்திரிகைகள் அவனுக்கு 'ஜாக் தி ரிப்பர்' என்ற பட்டப்பெயரைப் பரப்பின. அந்தப் பெயர் இன்று உலகம் முழுவதும் தெரியும். மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோஸ், மேரி ஜேன் கெல்லி என்றால் யாருக்குத் தெரியும்? அவர்களுடைய வாழ்க்கையை மையமாக வைத்து ஹாலி ரூபன்ஹோல்ட் எழுதிய வரலாறு 2019-ல்தான் வந்தது. நம் ஊரில் செத்தவளுக்குப் பீடம் உண்டு, கொன்றவனுக்குப் பெயர் இல்லை. அங்கே கொன்றவனுக்குப் பெயர் உண்டு, செத்தவர்களுக்குப் பீடம் இல்லை. இரண்டும் பாதி நியாயம்.

அந்தக் கொலைகளின் நிழலில் மேரி பெல்லக் லவுண்டஸ் என்ற பெண்மணி 1913-ல் 'தி லாட்ஜர்' என்ற நாவலை வெளியிட்டார். வீட்டில் குடியிருக்க வந்தவன் மேல் வீட்டுக்காரிக்குச் சந்தேகம். இரவில் அவன் படியிறங்கிப் போவதையும் திரும்பி வருவதையும் படுத்தபடியே காது கொடுத்துக் கேட்கிறாள். அவளுக்குப் புரிந்துவிடுகிறது, ஆனால் வாய் திறக்கவில்லை. வாடகைப் பணத்தில்தான் அடுப்பு எரிகிறது. அவன் மேல் கொஞ்சம் பரிதாபமும் இருக்கிறது. லண்டன் நாவல்தான், ஆனால் நம் கரிசல் காட்டுக் கிழவி ஒருத்திக்கு வாசித்துக் காட்டினால், "ஆமா, வெளியே எப்படிச் சொல்லுவா?" என்பாள்.

வாய் திறக்கிற பெண், கதைகளில் முன்னதாகவே வந்துவிட்டாள். 1864-லேயே லண்டனில் பெண் துப்பறிவாளரை நாயகியாக வைத்து இரண்டு புத்தகங்கள் வந்தன. அப்போது அந்த ஊர்ப் போலீஸில் பெண்களே கிடையாது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யில் எட்கர் ஹூவர் தலைவராக இருந்து பல பத்தாண்டுகள் பெண்களை ஏஜெண்டாக எடுக்கவில்லை. 1972-ல் அவர் இறந்த பிறகே கதவு திறந்தது. மறு வருஷம், 1973-ல், தமிழ்நாட்டுப் போலீஸில் பெண்கள் சேர்ந்தார்கள்: ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஹெட் கான்ஸ்டபிள், இருபது கான்ஸ்டபிள்கள்.

ஆனால் 1980-களில் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களில், பெண் பெரும்பாலும் துணைக்கு வருகிறவள்தான். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்குச் சுசீலா, சுபாவின் நரேந்திரனுக்கு வைஜயந்தி. சுசீலாவின் புத்தியைவிட அவள் பனியனில் அச்சிட்ட வாசகங்கள் அதிகம் பேசப்பட்டன.

1988-ல் தாமஸ் ஹாரிஸ் எழுதிய 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' நாவலில் க்ளாரிஸ் என்ற பயிற்சி மாணவி, பெண்களைத் தொடர்ந்து கொல்லும் ஒருவனைத் தேடுகிறாள். முதலில் கொல்லப்பட்டவளின் வீட்டுக்குப் போகிறாள். அவள் அறையில் அவள் தைத்துக்கொண்டிருந்த துணிகளைப் பார்க்கிறாள். துணி வெட்டிய விதத்திலிருந்து, கொலைகாரனும் தையல் தெரிந்தவன் என்பது அவளுக்குப் பிடிபடுகிறது. பெரிய பெரிய நிபுணர்களுக்குத் தெரியாதது, தையல் தெரிந்த கண்ணுக்குத் தெரிந்தது. தறி ஓடும் அருப்புக்கோட்டையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாவைப் பார்த்தே எங்கே இழை அறுந்தது என்று சொல்கிற பெண்கள் உள்ள ஊர் அது.

இந்த மாதிரிக் கதைகளைப் பற்றி வாசகர்கள் சொல்லும் குறைகள் எனக்குத் தெரியும். பிணத்தை இத்தனை விவரமாக எழுத வேண்டுமா என்பார்கள். அந்தக் குறை நியாயமானது. செத்தவளுக்கு ஒரு பத்தி, கொலைகாரனின் மூளைக்கு நூறு பக்கம் என்று எழுதுகிறவன், லண்டன் பத்திரிகைகள் செய்த வேலையையே செய்கிறான். ஒரு பெண் இவ்வளவு தைரியமாகப் போவாளா என்பது இன்னொரு குறை. அதற்குப் பதில் புத்தகத்தில் இல்லை, நாட்டில் இருக்கிறது. 1976-ல் ஐ.பி.எஸ். ஆன திலகவதி, 'கல்மரம்' நாவலுக்காக 2005-ல் சாகித்திய அகாடமி விருது பெற்றார். காக்கிச் சட்டையும் பேனாவும் ஒரே பெண்ணிடம் இருந்தன. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் மகளிர் காவல் நிலையம் திறந்தபோது, புகார் எழுதுகிறவளும் பெண், வாங்கிக்கொள்கிறவளும் பெண் என்றாயிற்று.

கொலைக் கதை படிக்கிற பெண்ணை ரத்தம் பார்க்கிறவள் என்று இனியும் சொல்ல வேண்டாம். ரத்தம் அவளுக்குப் புதிதல்ல. குலதெய்வத்தின் பெட்டியிலேயே அது மடித்து வைத்திருக்கிறது. செத்தவளுடைய பெயரையும், கொன்றவனுடைய பெயரையும் ஒரே புத்தகத்தில், ஒரு பெண் கேட்டு வாங்கி எழுதி வைப்பதைப் பார்க்கத்தான் அவள் முந்நூறு பக்கம் புரட்டுகிறாள்.